குமிழைப் பாரு தம்பி

என்னா தம்பி, கார் கதவு திறக்கமாட்டேங்குதா? ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பாத்தாச்சு. கையைத் தலைக்கு மேல தூக்கியும் அமுக்கியாச்சு. தாடைக்குக் கீழ வச்சு அமுக்கினா சிக்னல் தூரமாப் போகும்னு எவனோ சொன்னான்னு அதையும் பண்ணியாச்சு. கார் ஒன் மூக்குக்கு நேரா நிக்குது. சிக்னல் எங்க போகணும், தைப்பிங்குக்கா?

ரிமோட்டுக்குப் புதுப் பேட்ரி போட்டே. செல்போன்ல படம் பாத்தே. பாத்துட்டு, "தாத்தா, இது கம்ப்யூட்டர் கோளாறு"ன்னு வந்து நிக்கிறே. கையில ஒரு சின்னப் பொட்டி வேற. ஸ்கேனராம். காருல சொருகினா நோயை எழுத்துல காட்டுமாம். ராசா, ஒன் கார் கார்புரேட்டர் வண்டி. அந்தப் பொட்டியைச் சொருக அதுல ஓட்டையே வைக்கல. எங்க சொருகலாம்னு இருக்கே? சிகரெட் பத்தவைக்கிற துவாரத்துலயா?

இப்படி அஞ்சடியில வந்து ஒக்காரு. கோப்பி ஆறுறதுக்குள்ள சொல்லிடுறேன்.

இந்த மின்சாரப் பூட்டு என்னமோ நேத்துப் பொறந்த விஞ்ஞானம்னு பயந்துக்கிட்டு இருக்கே. 1914-லயே அமெரிக்காவுல ஸ்க்ரிப்ஸ்-பூத்னு ஒரு காருல இதை வச்சிட்டான். அப்புறம் ரொம்ப காலம் ஒருத்தரும் சீண்டல. 1956-ல பேக்கார்ட்னு பணக்காரன் வண்டியில மறுபடி தலைகாட்டுச்சு. 1914-னா எந்தக் காலம் தெரியுமா? நம்ம சனங்க கடல் தாண்டி வந்த ரஜூலா கப்பலையே 1926-லதான் கட்டினான். கப்பலுக்கு மூத்த சாமானைப் பாத்து நீ கம்ப்யூட்டருங்குறே.

நம்ம ஊருக்கு இது சுத்தி வளைச்சுத்தான் வந்துச்சு. 1985 ஜூலையில புரோட்டோன் சாகா வந்துச்சு. அடிப்படை மிட்சுபிஷி லான்சர் பியோரே, மேல நம்ம பேரு. அதே வருசம் பினாங்குப் பாலம் திறந்தப்ப, அப்பப் பிரதமரா இருந்த மகாதீர் ஒரு சாகாவைத்தான் ஓட்டிக்கிட்டுப் போனாரு. 1993-ல வீரா. 1994-ல பெரோடுவாவோட கஞ்சில். அதுவரைக்கும் சைக்கிள்லயும் மோட்டார்லயும் போயிக்கிட்டு இருந்த தோட்டத்து ஆளுங்க மாசத் தவணையில காரேறினாங்க. அந்தக் காலத்து வண்டி பலதுல கதவுப்பூட்டு கையாலதான். குமிழை அமுக்கினா பூட்டும், தூக்கினா திறக்கும். அது போதலன்னு ஈப்போவுல எக்செசரி கடைக்குக் கொண்டுபோயி சென்ட்ரல் லாக்கும் அலாரமும் மாட்டினோம். திருடனுக்குப் பயந்துன்னா நெனைக்கிறே? கல்யாண மண்டபத்து வாசல்ல ரெண்டு தரம் 'குயிக் குயிக்'னு கத்தினா நாலு பேரு திரும்பிப் பாப்பான். அதுக்குத்தான்.

தோட்டத்துத் தொரை தன் காரைப் பூட்டி நான் பாத்ததில்ல. எவன் தொடுவான்? நம்ம லயத்து வீட்டுக் கதவுக்கும் ஒரு கொண்டியோட சரி. உள்ள திருட என்னா இருந்துச்சு? பால் கத்தி, காண்டா, வாளி. அதைத் திருடினவன் மறுநாள் விடியறதுக்கு முன்ன எழுந்திரிச்சு மரம் வெட்டப் போகணும். எந்தத் திருடன் அதுக்குச் சம்மதிப்பான்?

சரி, கதவுக்கு வா. முதல்ல ஒண்ணை மண்டையில ஏத்திக்க. மின்சாரம் கதவைத் திறக்கிறதில்ல. கதவு விளிம்புல ஒரு தாழ் இருக்கு. அது காரோட தூண்ல இருக்கிற இரும்பு வளையத்தைக் கவ்விப் புடிச்சிக்கிது. நீ கைப்பிடியை இழுத்தா, உள்ள ஒரு கம்பி நகந்து தாழை விடுவிக்குது. பூட்டுங்கிறது என்னா? கைப்பிடி இழுக்கிற இழுப்பு தாழுக்குப் போய்ச் சேராம நடுவுல அறுத்து விடுறது. அந்த அறுத்துவிடுற வேலைக்கு ஒரு கம்பி, கம்பி நுனியில குமிழ். மோட்டார் செய்றது அந்தக் கம்பியைத் தள்ளுறதும் இழுக்கிறதும் மட்டுந்தான். ஒன் விரல் செய்ற வேலை. உள்ளங்கை அகலத்துல பிளாஸ்டிக் கூடு, அதுக்குள்ள பொம்மைக் காருல இருக்கிற அளவுல ஒரு மோட்டார், ரெண்டு மூணு பல்சக்கரம். இதுக்குப் பேரு ஆக்சுவேட்டர். பேரைக் கேட்டா ஆளு பெரிய ஆளுன்னு தோணும்.

அதனால ரிமோட்டைக் கீழ வை. குமிழைப் பாரு.

பட்டனை அமுக்குறப்ப குமிழ் மேல வருதா? வருதுன்னா சென்ட்ரல் லாக் ஒழுங்கா வேலை செய்யிது. அதுமேல பழி போடாதே. குமிழ் மேல வந்தும் கதவு திறக்கலன்னா கோளாறு கைப்பிடியில, இல்ல தாழுல. பின் கதவா? உள்ளயிருந்து மட்டும் திறக்கலையா? அப்ப வெளியில வந்து கதவைத் திறந்து விளிம்பைப் பாரு. தாழுக்குப் பக்கத்துல சுண்டுவிரல் நகத்தளவு ஒரு நெம்புகோல் இருக்கும். பிள்ளைங்க ஓடுற வண்டியில கதவைத் திறந்துடக் கூடாதுன்னு வச்ச பூட்டு. காரைக் கழுவுறப்ப எவனோ துணியால தேய்ச்சு அதைத் தள்ளிவிட்டிருப்பான். இதுக்குப் போயி பட்டறையில காரை விட்டுட்டு கிரேப் பிடிச்சு வீட்டுக்கு வந்தவங்க இருக்காங்க. பொமன் ஒரு நொடியில தள்ளிவிட்டுட்டு, சாயங்காலம் வரைக்கும் காரை நிழல்ல நிறுத்தி வைப்பான். ஒடனே குடுத்தா காசு எப்படிக் கேக்குறது?

ரிமோட்டுக்குக் குமிழ் வரல, விரலால தூக்கினா சுளுவா வருது. அப்ப இரும்பு நல்லாருக்கு, மின்சாரப் பக்கந்தான் சீக்கு. விரலாலயும் தூக்க முடியல, கல்லாட்டம் நிக்குதுன்னா, மோட்டாரைத் திட்டாதே. உள்ள கம்பியோ தாழோ இறுகிக் கெடக்கு. இல்லன்னா மோட்டாரோட பல் ஒடைஞ்சு குறுக்க மாட்டிக்கிச்சு.

பாத்தியா? ஒரு பைசா செலவில்ல. விரல்னு ஒரு கருவி, ஆண்டவன் பத்து குடுத்திருக்கான். இது மூணுல எதுன்னு தெரியாம சாமான் வாங்கப் போறவனைப் பாத்தாத்தான் ஸ்பேர்பார்ட் கடைத் தவுக்கே முகம் மலருவாரு.

இன்னொண்ணு. சாவின்னு ஒண்ணு குடுத்தானே, எங்க? அது எஞ்சினை மட்டும் எழுப்ப இல்லப்பா. கதவுல கைப்பிடிக்குப் பக்கத்துல ஒரு ஓட்டை இருக்கே, அது எறும்பு குடியிருக்க வச்சதா? வருசக்கணக்கா நீ ரிமோட்டையே அமுக்கிக்கிட்டு இருந்தா அந்தச் சாவித் துவாரம் தூசியும் துருவுமாத்தான் கெடக்கும். பேட்ரி செத்த அன்னிக்கு நட்டநடு ராத்திரியில பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு சாவியைத் திருகுவே, அது ஒன்னைப் பாத்துச் சிரிக்கும். மாசத்துல ஒரு தடவை சாவியால திறந்து பழகு. துவாரத்துக்குக் கிராபைட் தூள் போடு. தேங்காயெண்ணெய் ஊத்தாதே. தேங்காயெண்ணெய் தலைக்கு. பூட்டுக்குள்ள ஊத்தினா தூசியைச் சேத்துக்கிட்டு பிசினாயிடும்.

மின்சாரப் பக்கம்னு தெரிஞ்சிருச்சா? இப்ப நான் பெரட்டுக்களத்துக்குப் போறேன், கூட வா. நீ பாத்ததில்ல. விடியறதுக்கு முன்ன, சங்கு ஊதினதும் எல்லாரும் களத்துல வந்து நிக்கணும். தண்டல் பேர் கூப்பிடுவாரு. ஒன் காருல டிரைவர் பக்கத்துக் கதவுதான் தண்டல். மத்த மூணும் ஆளுங்க. கடையில மாட்டுற சென்ட்ரல் லாக்குல டிரைவர் கதவு மோட்டாருக்கு அஞ்சு வயர் போகும், மத்த கதவுக்கு ரெண்டே ரெண்டு. ரெண்டு வயர் மோட்டாரை ஓட்ட. ஒரு பக்கம் மின்சாரம் போனா பூட்டும், திருப்பி விட்டா திறக்கும். தண்டலுக்கு மட்டும் கூடுதலா மூணு எதுக்கு? "நான் பூட்டிட்டேன், நீங்களும் பூட்டுங்கடா"ன்னு டாஷ்போர்டுக்கு அடியில இருக்கிற பொட்டிக்குச் சொல்றதுக்கு.

இதை வச்சு நீயே கண்டுபிடிக்கலாம். பேர் கூப்பிட்டு ஒருத்தரும் வரலன்னா, தோட்டத்துல எல்லாருக்கும் ஒரே நாள்ல காய்ச்சலா வந்திருக்கும்? தண்டலைப் பாரு, பொட்டியைப் பாரு, பியூஸைப் பாரு. ஒருத்தன் மட்டும் வரலன்னா, அவன் வீட்டுக்குப் போயிக் கதவைத் தட்டு. ரிமோட்டுக்கு எல்லாரும் வர்றாங்க, ஆனா டிரைவர் குமிழைத் தூக்குறப்ப ஒருத்தனும் அசையலன்னா தண்டலுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, அதாவது அந்த மூணு வயர் பக்கம் கோளாறு. தண்டல் கூப்பிட்டா வர்றாங்க, ரிமோட்டுக்கு வரலன்னா ரிமோட் பக்கந்தான் கோளாறு. அந்த ஒரு சமாச்சாரத்துக்கு மட்டுந்தான் நீ வாங்கின புதுப் பேட்ரி உதவும்.

பியூஸ் எரிஞ்சிருந்தா அதே அளவு பியூஸ் போடு. பெருசாப் போட்டா நல்லா ஓடும்னு ஒரு கூட்டம் சொல்லும். இன்னொரு கூட்டம் சிகரெட் பொட்டி ஈயத்தாளைச் சுத்திச் சொருகும். பியூஸ் எரியுறது வயர் எரியாம இருக்க. நீ அதைத் தடுத்தா அப்புறம் எரிய வேண்டியது காருதானே?

ஒரு கதவு மட்டும் செத்துக் கெடந்தா, நான் முதல்ல பாக்குறது மோட்டாரை இல்ல. கதவுக்கும் தூணுக்கும் நடுவுல, கீல் பக்கத்துல, மடிப்பு மடிப்பா ஒரு கித்தாக் குழாய் போகுது பாரு. வயரெல்லாம் அதுக்குள்ளதான். கதவைத் திறக்கிறப்பல்லாம் அந்த வயர் மடங்குது, மூடுறப்ப நிமிருது. இருபது முப்பது வருசம் மடங்கி நிமிந்தா செம்பு தாங்குமா? மேல்தோல் நல்லாயிருக்கும், உள்ள அறுந்திருக்கும். சோதனை சுலபம். ஒருத்தன் பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்கட்டும், நீ கதவை மெதுவாத் திறந்து மூடு. ஒரு எடத்துல மட்டும் 'டக்'னு உயிர் வந்துச்சுன்னா வயர் அங்கதான் அறுந்திருக்கு. கித்தாக் குழாயை உருவி, அறுந்ததை ஈயம் வச்சு ஒட்டு. கொஞ்சம் தளர்வா விடு. முறுக்கித் தேப்பைச் சுத்திட்டு "முடிஞ்சது"ன்னு வராதே. அடுத்த மழைக்கு அது அவுந்துக்கும்.

அந்தக் கித்தாவைப் பத்தி ஒண்ணு சொல்லாம போகமுடியல. 1877-ல கோலக்கங்சார்ல கன்னு நட்டதுல ஆரம்பிச்சு, இந்தப் பேராக்கு முழுக்க பால்மரமா ஆக்கினது நம்ம முதுகெலும்பு. அப்புறம் மரத்தைத் தள்ளிட்டுச் செம்பனை வச்சான். அதையும் தள்ளிட்டுத் தாமான் கட்டினான். நீ கார் நிறுத்தியிருக்கிற எடம் இருக்கே, அங்க மங்கு கட்டின மரம் நின்னுச்சு. ஆனா ஒன் கார் கதவைச் சுத்தியிருக்கிற கித்தாவுல பெரும்பாலும் ஒரு சொட்டுப் பால்கூடக் கெடையாது. பெட்ரோலியத்துலேருந்து பண்ணின செயற்கைச் சரக்கு, இ.பி.டி.எம்.னு பேரு. வெயிலையும் மழையையும் பால்மரக் கித்தாவைவிட நல்லாத் தாங்கும், அதை ஒத்துக்கத்தான் வேணும். ஆனா மினரல் எண்ணெய் பட்டா ஊதிப்போகும். அதனால கதவு ஓரத்துல எஞ்சின் எண்ணெயைத் தடவாதே, சிலிகான் தடவு. வெயில்ல நின்ன பழைய வண்டியில இந்தக் கித்தாவே பெயிண்டோட ஒட்டிக்கிட்டு, பூட்டு மாட்டிக்கிச்சுன்னு நம்மளை ஏமாத்தும்.

இப்ப ஒரு பெரிய மனுசர் கதை. பேரு வேணாம், நம்ம தாமான்லதான் இருக்காரு. பழைய கார்தான், ஆனா அலங்காரத்தைப் பாக்கணுமே. ஸ்போர்ட் ரிம் நாலு. பின்னால ஏரோப்ளேன் றெக்கை. அடியில நீல விளக்கு. முன் கண்ணாடியில கேமரா. பின் கண்ணாடி முழுக்க முருகன், வேலு, மயிலு, ராஜான்னு ஒரு எழுத்து. எல்லாம் இருக்கு. டிரைவர் பக்கத்துக் கதவு மட்டும் திறக்காது. ரெண்டு வருசமா பக்கத்துக் கதவு வழியா ஏறி, கியரைத் தாண்டி, காலைத் தூக்கிப் போட்டு ஸ்டீரிங்குக்கு வருவாரு. கேட்டா, "சாமான் ஆர்டர் பண்ணியிருக்கு, ஜப்பான்லேருந்து வருது"ம்பாரு. ஈப்போவுல ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் இவரு. பட்டு வேட்டி, தங்க மோதிரம். மண்டபத்து வாசல்ல மேளக்காரன் ஊதுறான், வரவேற்கச் சனம் நிக்கிது. கார் வந்து நிக்கிது, நீல விளக்கு எரியுது, ஆளு வரல. உள்ள கியர்ல வேட்டி மாட்டிக்கிச்சு. மேளக்காரன் ஊத வேண்டியதை ஊதி முடிச்சிட்டுத் திரும்ப முதல்லேருந்து ஆரம்பிச்சான். கடைசியில தாய்மாமன் பக்கத்துக் கதவு வழியாத் தலை முதல்ல வெளிய வந்தாரு.

மறுநாள் போயிப் பாத்தா, கதவுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் கிளிப் ஒடைஞ்சு கெடந்துச்சு. கைப்பிடிக் கம்பியைத் தாழோட கோத்து வைக்கிற கிளிப். வெலை ஒரு ரொட்டி சானாய்க்கு ஆகாது. ரிம்முக்குச் செலவு பண்ணின காசுல அந்தக் கிளிப்பு ஒரு மூட்டை வாங்கலாம். ஆனா கிளிப்பு வெளிய தெரியாதே தம்பி, அதுதான் சிக்கல்.

சரி, ஒன் கதவு மூடினபடியே மாட்டிக்கிச்சு. எப்படித் திறப்பே? மொதல்ல காது குடு. பட்டனை அமுக்குறப்ப அந்தக் கதவுக்குள்ள சத்தம் கேக்குதா? ஒண்ணுமே இல்லன்னா மின்சாரம் போகல, இல்ல மோட்டார் செத்துப்போச்சு. 'டக்'னு தட்டுது, ஆனா குமிழ் நகரலன்னா மோட்டார் முயற்சி பண்ணுது, இழுக்கத் தெம்பில்ல. 'கிர்ர்'னு சுத்துற சத்தம் வந்தா உள்ள பல் தேஞ்சுபோச்சு, இல்ல கம்பி கழண்டுபோச்சு. கடையில மாட்டின மோட்டாருக்கு ரெண்டு சின்ன ஸ்க்ரூதான் கம்பியைப் புடிச்சிக்கிட்டு இருக்கும். மேடு பள்ளத்துல ஆடி ஆடி அது தளர்ந்துக்கும். மோட்டார் பாட்டுக்கு வேலை செய்யும், கம்பி பாட்டுக்குச் சும்மா நிக்கும். ஆபீஸ்ல பாத்திருப்பே.

தெம்பில்லாத மோட்டாருக்கு ஒத்தாசை பண்ணு. ஒருத்தர் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கட்டும். நீ கைப்பிடிக்குப் பக்கத்துல கதவை உள்பக்கமா நல்லா அழுத்து. கதவு கித்தா எப்பவும் கதவை வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும், அந்தப் பாரம் பூரா தாழு மேல. நீ உள்ள அழுத்தினா பாரம் கொறையும், இறுகினது நெகிழும். கையால முடியலன்னா இடுப்பால ஒரு இடி. எங்க வீட்டுல இந்த வேலைக்கு ஒன் பாட்டிதான். எந்தக் கதவும் ரெண்டாவது இடிக்கு நின்னதில்ல.

அப்படியும் வரலன்னா உள் அட்டையைக் கழட்டணும். கண்ணாடியை மேல ஏத்திடு. பேட்ரியோட நெகட்டிவைக் கழட்டு. கைப்பிடிக் குழியில ஒரு ஸ்க்ரூ, கைவைக்கிற எடத்துல ரெண்டு. அப்புறம் சுத்திலும் கிளிப். கண்ணாடி ஏத்துற கைப்பிடி சுத்துறதா இருந்தா, அதுக்குப் பின்னால ஒரு கம்பி வளையம் புடிச்சிக்கிட்டு இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால நெம்பாதே, அட்டை கிழியும். பழைய துணியை உள்ள விட்டு ரெண்டு கையாலயும் இப்படியும் அப்படியும் இழு. வளையம் தானா தெறிக்கும். எங்க தெறிக்கும்னு கண்ணு வச்சிக்க, இல்லன்னா மறுநாள் பூரா அஞ்சடியில தவழ்ந்துக்கிட்டு இருப்பே. கதவு மூடியிருக்கிறப்ப அட்டையைக் கழட்டுறது சள்ளை. விளிம்புல ஸ்க்ரூ இருந்தா இன்னும் சள்ளை. சீட்டைப் பின்னால தள்ளி, இல்ல கழட்டிப் போட்டுட்டு, பொறுமையாப் பண்ணணும். தகரம் கையைக் கிழிக்கும், உறை போட்டுக்க.

அட்டைக்குப் பின்னால கறுப்புப் பிசின் வச்சு ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதைக் கிழிச்சு எறியாதவன் நூத்துல ஒருத்தன். "இது எதுக்கு, பொட்டலம் கட்டின தாளு"ன்னு நெனைப்பு. தம்பி, கண்ணாடி ஓரமா மழைத்தண்ணி கதவுக்குள்ள எறங்கத்தான் செய்யும். அது கோளாறில்ல, அப்படித்தான் பண்ணியிருக்கான். எறங்கின தண்ணி கதவு அடியில இருக்கிற ஓட்டை வழியா வெளிய போயிடணும், காருக்குள்ள வரக்கூடாது. அதைத் தடுக்கத்தான் அந்தத் தாளு. தாளை எறிஞ்சவன் கார்ல கால்மிதி நாறும். அடி ஓட்டை இலையும் மண்ணுமா அடைச்சிருந்தா தண்ணி உள்ளயே தேங்கும். கதவை ஆட்டினா சலசலன்னு கேக்கும். வருசத்துக்கு 4,000 மில்லிமீட்டர் மழை கொட்டுற தைப்பிங்கை வச்சிக்கிட்டு இருக்கிற மாநிலத்துல, ஓட்டையை அடைச்சு வச்சிட்டு மோட்டார் துருப்புடிச்சிருச்சுன்னு அழுதா? ஒரு ஈர்க்குச்சி எடுத்துக் குத்தி விடு.

தாழு இறுகியிருந்தா என்னா காரணம்? பழைய கிரீஸ். சிம்பாங் பூலாய் பக்கம் சுண்ணாம்பு மலையை ஒடைக்கிறான் பாரு, அந்தத் தூசி வரைக்கும் அதுல ஒட்டிக் கெட்டியாகியிருக்கும். நீ ஒடனே நீலமும் மஞ்சளுமா ஒரு டப்பா எடுத்து சர்ருன்னு அடிப்பே. டபிள்யூ.டி.-40. 1953-ல ராக்கெட்டுல துருப்புடிக்காம இருக்க, ஈரத்தை வெரட்டப் பண்ணினது அது. இறுகினதைக் கழுவ நல்ல சரக்குதான், அடி. அழுக்கு ஓடுற வரைக்கும் அடி. ஆனா அதோட நிறுத்தினா ரெண்டு வாரத்துல தாழு திரும்பக் காஞ்சு போகும். கழுவினதுக்கு அப்புறம் தொடைச்சிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் வை. ராக்கெட்டு ஒரு தடவை போனாப் போயிடும். ஒன் கதவு தெனம் பத்துத் தடவை திறக்கணும்.

மோட்டார்தான் செத்ததுன்னு முடிவு பண்றதுக்கு முன்ன, கழட்டின நெகட்டிவைத் திரும்ப மாட்டிட்டு, மோட்டார் வயர் முனையில சோதனை விளக்கு வச்சுப் பாரு. பட்டனை அமுக்குறப்ப ஒரு கணம் மின்னினா மின்சாரம் வருது, மோட்டார்தான் போச்சு. மின்னலன்னா கீல் பக்கம் திரும்பிப் போ. பேட்ரியிலேருந்து நேராக் குடுத்துப் பாக்கிறதா இருந்தா தொட்டு எடு. புடிச்சிக்கிட்டே இருக்காதே. அரை நொடி வேலைக்குப் பண்ணின மோட்டார் அது, பொகைஞ்சுடும்.

கடைக்குப் போறப்ப செத்த மோட்டாரைக் கையோட கொண்டுபோ. காரு பேரையும் வருசத்தையும் சொல்லிக் கேட்டா ஆளுக்கு ஒண்ணைக் குடுப்பான். சாமானைக் காட்டினா அதே சாமான் வரும். ரெண்டு வயரா அஞ்சு வயரான்னு எண்ணிக்க. பொதுவா விக்கிற மோட்டார் ஒண்ணு சின்னக் காசுதான். பழைய வண்டி ஒடைச்சு விக்கிற கடையில அசல் சாமானே கெடைக்கும். நீ என்னா சொன்னே? செல்போன்லயே கதவைத் திறக்கிற முழு செட்டு வாங்கப் போறியா? நாலு கதவும், பொட்டியும், அலாரமும், ஆப்பும். இருக்கட்டும். கிளிப் ஒடைஞ்ச கதவுக்கு அதை மாட்டினா என்னா நடக்கும்? கோலாலம்பூர்ல ஒக்காந்துக்கிட்டு ஈப்போவுல இருக்கிற கதவைத் திறக்காம வச்சிருக்கலாம்.

சிரிப்பெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். சரி பண்ற வரைக்கும் திறக்காத கதவுப் பக்கம் பிள்ளைங்களையோ கெழவியையோ ஒக்கார வைக்காதே. நம்ம வெயில்ல மூடின காரு கொஞ்ச நேரத்துல கொதிச்சிடும். மோதினாலோ தண்ணியில எறங்கினாலோ அந்தக் கதவுதான் வழி. இதுல மட்டும் 'நாளைக்கிப் பாத்துக்கலாம்' வேணாம்.

எல்லாம் மாட்டியாச்சா? அட்டையை மூடுறதுக்கு முன்ன, கதவைச் சாத்துறதுக்கும் முன்ன, கதவு திறந்து நிக்கிறப்பவே சோதிக்கணும். ஸ்க்ரூ டிரைவர் முனையால தாழை மூடு. ரெண்டு சொடுக்குக் கேக்கும். இப்ப ரிமோட்டை அமுக்கு. பூட்டு, திற, கைப்பிடியை இழு. தாழ் விரியுதா? ஒவ்வொரு தடவையும் தாழை மறுபடி மூடிட்டு, உள் கைப்பிடியிலயும் இழு, வெளிக் கைப்பிடியிலயும் இழு, சாவியிலயும் பாரு. எல்லாம் சரின்னு ஆனதும் சந்தோசத்துல கதவைப் படார்னு அடிக்கப் போவே. அடிக்காதே! தாழ் இன்னும் மூடியே இருக்கலாம். மூடின தாழை இரும்பு வளையத்துல அடிச்சா ரெண்டுல ஒண்ணு நசுங்கும், அப்புறம் கதவு மூடவும் செய்யாது. மறுபடி கைப்பிடியை இழுத்துத் தாழைத் திறந்து விட்டுட்டுத்தான் சாத்தணும்.

தாளை ஒட்டு. அட்டையை மாட்டு. கடைசியில தரையில ஒரு ஸ்க்ரூ மிஞ்சிக் கெடந்துச்சுன்னா, "கம்பெனிக்காரன் கூடுதலாப் போட்டிருக்கான்"னு சொல்லிக்கிட்டு எங்கிட்ட வராதே. அட்டையைத் திரும்பக் கழட்டு.